தொடாமல் ஆடிய ஜோகெட்

போன வாரம் கிள்ளானில் பேத்தி வீட்டுக்குப் போயிருந்தேன். தன் கல்யாண விருந்தில் அவள் மாப்பிள்ளையோடு சேர்ந்து ஆட வேண்டுமாம். சோபாவைச் சுவரோரம் தள்ளிவிட்டு ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பையன் மிதிக்காத விரல் அவள் காலில் பாக்கியில்லை.

"முகத்தையே பாத்துக்கிட்டிருந்தா எப்படிலா காலு வரும்? அவ தோளப் பாருய்யா. தோளு சொல்லிட்டுத்தான் காலு நகரும்" என்றேன்.

"பாட்டி, ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

"டிவில பாத்தேன்."

அந்த நேரம் பார்த்து அடுக்களையில் பனை எண்ணெய் காயும் வாடை வந்தது. பொய் சொன்ன வாய்க்குச் சரியான தண்டனை. அந்த வாடை வந்தால் கூடவே சின்னையாவும் வந்துவிடுவான்.

ஜப்பான்காரன் மலாயாவை ஆண்ட காலத்தில் தேங்காயெண்ணெய்க்கு எங்கே போவது? சமையலுக்கும் விளக்குக்கும் தலைக்கும் செம்பனை எண்ணெய்தான். சின்னையா அதை வழிய வழியத் தடவியிருப்பான். வியர்த்தால் நெற்றியில் மஞ்சளாக இறங்கும். அபிஷேகம் முடிந்த சாமி மாதிரி நிற்பான்.

என் அப்பாவை சயாமுக்கு ரயில் பாதை போடக் கொண்டுபோய்விட்டார்கள். பிரிக்பீல்ட்ஸ் வீட்டில் நான், அம்மா, மரவள்ளிக்கிழங்கு, அவ்வளவுதான். கோலாலம்பூரில் ஒரு கேளிக்கை பார்க்கில் கூலிக்கு ஜோகெட் என்கிற மலாய் ஆட்டம் ஆடப் போனேன். டிக்கெட் வாங்கியவன் பலகை மேடையேறி எதிரே நின்று ஆடலாம். அவன் ஓர் அடி முன்னால் வந்தால் நான் ஓர் அடி பின்னால். விரல்கூடப் படக்கூடாது. பட்டால் முதலாளி தவுக்கேயின் ஆள் பின்கழுத்தைப் பிடித்து இறக்கிவிடுவான். நான் தையல் வேலைக்குப் போவதாக அம்மா அக்கம்பக்கத்தில் சொல்லி வைத்திருந்தாள். நம்பிய ஒருத்தி கிழிந்த ரவிக்கையைக் கொடுத்துவிட்டாள். நான் தைத்துக் கொடுத்ததில் அவளுக்குக் கையே நுழையவில்லை.

சின்னையா தோட்டத்திலிருந்து ஓடி வந்தவன். அண்ணனோடு அவனையும் சயாமுக்கு ஏற்றிய லோரியிலிருந்து குதித்துவிட்டான். முதல் நாள், மரம் சீவுகிற பழக்கத்தில் என்னையே சுற்றிச் சுற்றி வந்தான்.

"அண்ணே, நான் என்ன ரப்பர் மரமா? எதுக்க நில்லுங்க."

"எனக்கு ஆட வராதுங்க. சும்மா நின்னா ஜப்பான்காரனுங்க புடிக்கிறானுங்க. ஆடுறவன எவனும் பாக்கறதில்ல."

நான் அவனை எதிரே நிறுத்தினேன். "அப்ப தெரிஞ்சவன் மாதிரி ஆடணும். என் தோளப் பாருங்க."

தினமும் சாயங்காலம் வருவான். எண்ணெய்த் தலையும் விறைத்த முழங்காலுமாக ஏறுவான். மெல்ல மெல்ல முழங்கால் இளகியது, பிறகு வாய். "தையக்காரம்மா, இன்னிக்கு யாரு கை மாட்டிக்கிச்சு?" என்று கேட்கும் அளவுக்கு வந்துவிட்டான். நானும் அண்ணே என்பதை எப்போதோ விட்டிருந்தேன். அவன் கை சூடா, குளிர்ச்சியா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் இடது தோள் இறங்கினால் முன்னால் வருகிறான். பலகைச் சத்தத்தை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டும் சொல்வேன்.

ஒரு சாயங்காலம் பாட்டு நடுவில் பிடில் நின்றது. மேடையைச் சுற்றிச் சிப்பாய்கள். பாட்டு நின்றுவிட்டால் ஆடுகிறவனும் சும்மா நிற்கிறவன்தானே. பெண்டாட்டியோடு வந்தவர்களை விட்டுவிட்டு மற்ற ஆண்களை லோரியில் ஏற்றினார்கள். பேச்சை மாற்றிச் சொல்ல ஒரு தமிழரைக் கூட்டி வந்திருந்தார்கள்.

"இவ ஒனக்கு யாரு?" என்று அவர் சின்னையாவைக் கேட்டார்.

"பொஞ்சாதிங்க."

அவன் இடது தோள் இறங்கியது. கையை நீட்டிக்கொண்டு ஓர் அடி முன்னால் வந்தான்.

என் கால் ஓர் அடி பின்னால் போய்விட்டது.

அந்தத் தமிழர் எங்கள் நடுவே இருந்த இடைவெளியைப் பார்த்தார். சிப்பாய் சிரித்தான். சின்னையா என்னைக் கோபமாகக்கூடப் பார்க்கவில்லை.

"பழக்கம்ங்க" என்று எனக்காக அவரிடம் சொல்லிவிட்டு இறங்கிப் போனான்.

சண்டை முடிந்து அப்பா பாதி ஆளாக வந்து சேர்ந்தார். சின்னையா வரவில்லை. பிறகு என் கல்யாணத்தில் மாப்பிள்ளை கையைப் பிடிக்க வந்தபோது நான் பின்னால் நகர்ந்தேன். வெட்கம் என்று பந்தலே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன்.

பார்க் இருந்த இடத்தில் இப்போது பெரிய கடைத்தொகுதி. விருந்துக்குச் செருப்பு வாங்கப் பேத்தி என்னை அங்கேதான் கூட்டிப் போனாள். பலகை இருந்த இடமெல்லாம் பளிங்கு. எதிரே யார் வந்தாலும் காலடிச் சத்தமே கேட்பதில்லை.