தமிழ் போட்டால் கெட்டுப்போகுமா?

கேரள எல்லைக்குள் இருக்கும் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் யோகப்பிரியா டீச்சரைச் சண்டைக்காரி என்பார்கள். சண்டை போடாமல் அவருக்கு எதுவும் கிடைத்ததில்லை என்பதை மட்டும் யாரும் சொல்ல மாட்டார்கள். தென்னந்தோப்பும் கடலைக்காடும் உள்ள குடும்பத்தில் பிறந்தவர். தினமும் பொள்ளாச்சிக்குப் பஸ் ஏறிக் கம்ப்யூட்டர் படித்தார். தமிழ்நாட்டில் வாங்கிய பட்டம் கேரளத்திலும் செல்லும் என்று காட்டுவதற்கே திருவனந்தபுரம் வரை அலையவிட்டார்கள். கடைசியில் ஊருக்குப் பக்கத்திலேயே ஒரு தமிழ்வழிப் பள்ளியில் வேலை கிடைத்து, கம்ப்யூட்டர் லேப் அவர் பொறுப்பில் வந்தது.

அங்கே விண்டோஸ் கிடையாது, எல்லாம் லினக்ஸ். திரையில் மலையாளம், விட்டால் இங்கிலீஷ். வீட்டில் தமிழ், வகுப்பில் தமிழ், பாடப்புத்தகம் தமிழ் என்று வளர்ந்த பிள்ளைகள் லேபுக்குள் கால் வைத்ததும் திருதிருவென்று விழிப்பார்கள். எதை அழுத்துவது என்று பக்கத்துப் பிள்ளையின் கையைப் பார்த்து அழுத்துவார்கள். இதைப் பார்க்கும்போதெல்லாம் டீச்சருக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இந்த வருஷம் எல்லாக் கம்ப்யூட்டரிலும் புதிய லினக்ஸ் போட்டுக் கொடுத்தார்கள். மொழிப் பட்டியலில் தமிழும் இருந்தது. டீச்சருக்குத் தலைகால் புரியவில்லை. எல்லாவற்றிலும் தமிழைத் தேர்ந்தெடுத்து, அணைத்துப் போட்டார். தமிழ் வரவில்லை, இங்கிலீஷ்தான் வந்தது. அதோடு, கட்டளை அடிக்கும் டெர்மினலும் போய்விட்டது. பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதும் பைத்தான் புரோகிராம் அந்தக் கறுப்பு ஜன்னலில்தான் ஓட வேண்டும். அழுத்தினால் அம்புக்குறி கொஞ்சநேரம் சுற்றிவிட்டு, ஒன்றுமே நடக்காதது போல நின்றுவிடும். செய்முறைத் தேர்வோ அடுத்த வாரம்.

தலைமையாசிரியர் மோகனசுந்தரம் ஜில்லா ஆபீசுக்கு போன் போட்டார். மறுநாள் காலையில் சர்வீஸ்காரர் டிஜோ ஜீப்பில் வந்து இறங்கினார். ஒரு கம்ப்யூட்டரை மட்டும் மலையாளத்துக்கு மாற்றிவிட்டு டெர்மினலை அழுத்தினார். பட்டென்று திறந்துகொண்டது.

"கண்டோ டீச்சரே? தமிழ் இட்டதாணு பிரச்னை. எல்லாம் மலையாளம் ஆக்கித் தராம். பின்னே குழப்பம் இல்லை."

டீச்சருக்கு முகத்தில் அறைந்தது போல இருந்தது. கண்ணெதிரே திறந்து காட்டிவிட்டானே! நாமேதான் ஆசைப்பட்டுக் கெடுத்துவிட்டோமோ என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது.

"உட்ருங்க டீச்சர்," என்றார் தலைமையாசிரியர். "பரீட்சை நேரத்துல எதுக்குங்க வம்பு? மலையாளமே இருந்துட்டுப் போவுது. நம்ம பிள்ளைங்க எப்படியோ சமாளிச்சுக்குவாங்க."

அதுதான் டீச்சரைக் கிளப்பிவிட்டது. டிஜோ வெளியூர்க்காரர், அவருக்கு இது ஒரு வேலை. இவர் யார்? இதே ஊரில் தமிழ் படித்து, தமிழ்ப் பள்ளியில் சம்பளம் வாங்குகிறவர்.

"எப்படியோ எதுக்குங்க சார் சமாளிக்கோணும்? மலையாளம் போட்டாத் தெறக்குது, தமிழ் போட்டாத் தெறக்கலைன்னா, தமிழுக்கு என்னமோ பண்ணாம உட்டிருக்காங்கன்னுதானுங்க அர்த்தம்? டீ குடிச்சுட்டு வாங்க ரெண்டு பேரும். அதுவரைக்கும் ஒண்ணையும் தொடக்கூடாது."

அவர்கள் போனதும் இன்னொரு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். டெர்மினல் திறக்காவிட்டாலும் கண்ட்ரோல், ஆல்ட், எஃப் த்ரீ மூன்றையும் சேர்த்து அழுத்தினால் எழுத்து மட்டும் தெரியும் ஒரு திரை வரும். அதில் நுழைந்து, உனக்குள் உண்மையிலேயே எந்தெந்த மொழி தயாராக இருக்கிறது என்று கம்ப்யூட்டரிடமே கேட்டார். இங்கிலீஷ் என்றது, மலையாளம் என்றது. அவ்வளவுதான்.

தமிழ் வெறும் பேருக்கு! வாசலில் பெயர்ப்பலகை மாட்டிவிட்டு உள்ளே வீடே கட்டாமல் விட்டிருக்கிறார்கள். இல்லாத மொழியைத் தேர்ந்தெடுத்தால் டெர்மினல் பாவம் எதை நம்பி எழுத்தைக் காட்டும்? மொழிகளைத் தயார் செய்யும் ஃபைலைத் திறந்தார். மலையாள வரி சுத்தமாக இருந்தது. தமிழ் வரிக்கு முன்னால் ஒரு ஹேஷ் குறி, இந்த வரியைக் கண்டுகொள்ளாதே என்று கம்ப்யூட்டருக்குச் சொல்கிற குறி.

குறியை அழித்தார். மொழிகளை மறுபடியும் தயார் செய்யச் சொல்லி ஒரு கட்டளை கொடுத்தார். கம்ப்யூட்டர் கொஞ்சம் முனகிவிட்டு முடிந்தது என்றது. பழைய திரைக்குப் போய், லாக்-அவுட் செய்து திரும்ப உள்ளே நுழைந்தார். மேலே கோப்பு, திருத்து, பார்வை என்று தமிழ் எழுத்தோடு டெர்மினல் திறந்தது.

தலைமையாசிரியரோடு டீ குடித்துவிட்டு வந்த டிஜோ குனிந்து பார்த்தார். அந்த ஃபைலையும் பார்த்தார். நல்ல மனுஷன், மழுப்பவில்லை.

"ஞான் இது நோக்கியில்லா டீச்சரே. ஈ பாகத்து தமிழ் ஸ்கூல்களிலொக்கே இதே கம்ப்ளெயிண்ட் ஆயிருந்நு. எல்லாம் மலையாளம் ஆக்கிக் கொடுத்து."

"எல்லா ஸ்கூல்லயுமா? யாரும் ஒண்ணும் கேக்கலீங்களா?"

"இல்லா. எல்லாரும் தேங்க்ஸ் பறஞ்ஞு."

டீச்சர் எழுந்துவிட்டார். மற்றக் கம்ப்யூட்டர்களை மதியத்துக்குள் சரிசெய்துவிடலாம், பரீட்சைக்குப் பயமில்லை. ஆனால் தேங்க்ஸ் என்ற அந்தச் சொல் நெஞ்சில் ஊசியாய்க் குத்தியது. ஹேஷ் போட்டவன் எங்கேயோ இருக்கிறான், யாரென்றே தெரியாது. தேங்க்ஸ் சொன்னவர்களை அவருக்குத் தெரியும். கல்யாண வீட்டிலும் சந்தையிலும் பார்த்துப் பேசுகிறவர்கள்தான்.

"இதுகளை முடிச்சதும் உங்க ஜீப்புலயே வர்றேனுங்க டிஜோ. ஒவ்வொரு ஸ்கூலா மாத்திட்டே போலாம்."

"டீச்சர், மத்த ஸ்கூல் விஷயம் நமக்கு எதுக்குங்க?" என்றார் தலைமையாசிரியர். "அவங்களே சும்மா இருக்கறப்போ..."

யோகப்பிரியா அவரை நேராகப் பார்த்தார்.

"ஏனுங்க சார், நான் மட்டும் இன்னைக்கு லீவு போட்டிருந்தா, நீங்களும் தேங்க்ஸ் சொல்லித்தானுங்க அனுப்பிவெச்சிருப்பீங்க?"