புள்ளிக் களவாவின் தலை

அன்று சாப்பிட உட்கார்ந்தவர்கள்: என் வீட்டுக்காரர். அவரைப் பெற்ற அத்தை. என் அண்ணன். என் மகள். பரிமாறிவிட்டுக் கடைசியில் நான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ராசிங்காபுரத்தில் எங்கள் வீடு. அண்ணன் தூத்துக்குடியிலிருந்து போடிக்கு மீன் லோடு ஓட்டுகிறவன். ஐஸ் பெட்டியிலிருந்து ஒரு களவா மீன் கொண்டு வந்திருந்தான். அவ்வளவு பெரிசு நான் பார்த்ததில்லை. உடம்பெல்லாம் பழுப்புப் புள்ளி. கீழ்த்தாடை முன்னால் தள்ளி, கோபித்துக்கொண்ட ஆள் மாதிரி இருந்தது.

"பாறைப் பொந்துக்குள்ளயே கெடக்கும் மாப்ளே. அலையாது. கிட்ட வர்ற மீன வாயத் தொறந்து அப்படியே உறிஞ்சிரும்" என்றான் அண்ணன். "மொதல்ல எல்லாம் பொட்டைதான். பெருத்த பெறகு ஆணா மாறிரும்."

"அப்ப எங்காத்தா எப்பவோ மாறிருச்சு மச்சான்" என்றார் இவர்.

"ஒன்னையப் பெத்துட்டு மாறாம என்ன செய்ய?" என்றார் அத்தை.

சிரித்தோம். தலையும் ஈரலும் மாப்பிள்ளைக்கு என்று அண்ணனே எடுத்து வைத்தான். எங்கள் பக்கம் அதுதான் மரியாதை. இவர் மிச்சம் வைக்கவில்லை. அத்தைக்கும் எனக்கும் நடுத்துண்டு. மகள் முள்ளுக்குப் பயந்து ரசம் ஊற்றிக்கொண்டாள். அண்ணன் வண்டி எடுக்க வேண்டும் என்று வால் துண்டோடு எழுந்துவிட்டான்.

பொழுது சாய்வதற்குள் இவருக்கு வாந்தி, பேதி. உதடு மரத்துப்போச்சு என்றார். முந்தின நாள் மலையில் ஏலச்செடிக்குப் பூச்சிமருந்து அடித்திருந்தார்.

"மருந்துதான் ஏறிருச்சு. வெரசா வண்டியக் கூப்பிடு" என்றார் அத்தை.

போடி ஆஸ்பத்திரியிலும் நான் அதையே சொன்னேன். எனக்கும் வயிறு கலங்கியது. பயத்தில் என்று நினைத்துக்கொண்டேன். நர்ஸ் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார். வாங்கியவுடன் கீழே போட்டுவிட்டேன். குளிர்ந்த தண்ணீர்தான். நெருப்பாகச் சுட்டது.

டாக்டர் திரும்பிப் பார்த்தார்.

"நீங்களும் மருந்தடிச்சீங்களாம்மா?"

"இல்லைங்க. நான் ஏலக்காய் எடுக்கிறவ."

"ரெண்டு பேரும் என்ன சாப்பிட்டீங்க?"

சொன்னேன். மீன் கெட்டதில்லை, செவுள் சிவப்பாக இருந்தது என்றும் சொன்னேன். அவர் சொன்னதில் எனக்குப் புரிந்தது இவ்வளவு. கடல் பாறையில் படியும் ஏதோ பாசியில் விஷம் இருக்கும். சின்ன மீன் அதை மேயும். சின்ன மீனைக் களவா விழுங்கும். பல வருஷம் ஒரே பாறையில் கிடந்து தின்றால் எல்லாம் அதன் உடம்பில் சேரும். மீனுக்கு ஒன்றும் ஆகாது. வாடை வராது. வேகவைத்தாலும் போகாது. எல்லாக் களவாவிலும் இருக்காது. இருந்தால் தலையிலும் ஈரலிலும்தான் அதிகம்.

அண்ணன் மறுநாள் ஓடி வந்தான். அவனுக்கும் வயிறு சரியில்லை.

"தலைய எதுக்குடா எம்மகனுக்கு வச்ச?" என்றார் அத்தை.

"மாப்ளைக்கு வைக்காம வேற யாருக்கு வைப்பேன் அத்தை?"

அதற்குப் பிறகு அவன் வீட்டுப் பக்கம் வரவில்லை.

அன்று ராத்திரியே வயிறு போன அத்தைக்கும் எனக்கும் சரியாகிவிட்டது. இவர் பிழைத்தார். குளிர்ந்தது பட்டால் சுடுவது மட்டும் போகவில்லை. மெல்லத்தான் போகும் என்றார் டாக்டர். எப்போது என்று சொல்லவில்லை.

உடம்பு தேறியதும், கூலியாட்களை ஏற்றும் ஜீப்பில் இவர் என்னோடு மலைக்கு வந்தார். விடிகாலையில் ஏல இலையெல்லாம் பனி சொட்டும். முதல் செடியை விலக்கியவர் கத்திவிட்டார். இவர் கத்தி நான் கேட்டதில்லை. இரண்டு கையையும் கக்கத்தில் செருகிக்கொண்டு மேட்டில் போய் உட்கார்ந்தார்.

"என்னண்ணே, பனிக்குப் பயந்தா மலையில என்ன சோலி?" என்றார் மேஸ்திரி. சும்மா கேலிக்குத்தான் கேட்டார். ஜீப்பு திரும்பும்வரை இவர் எழுந்திருக்கவில்லை.

மறுநாள் விடியலில் ஜீப்பு வாசலுக்கு வந்தது. இவர் விழித்துத்தான் படுத்திருந்தார். சோற்று வாளியை எடுத்துக்கொண்டு நான் வெளியே வந்தேன். டிரைவர் தலை எண்ணித்தான் ஏற்றுவார்.

"ஒங்க வீட்டுல எத்தன பேரு ஆத்தா?"

"ஒண்ணு."