வாரதுக்கு டிக்கெட் எங்க, அம்மணி?

போன மாதம் ஒரு திங்கட்கிழமை. மதியச் சாப்பாட்டுத் தட்டில் கை வைக்கிற நேரத்தில் அக்காவிடமிருந்து போன்.

"புள்ள, பம்பாய் ஆஸ்பத்திரியில இருந்து கூப்புட்டுட்டாங்க. வியாழக்கெழம காத்தால அங்க இருக்கோணுமாம். பிளேன் டிக்கெட்டு நீதான் பாக்கோணும்."

அக்கா வீட்டுக்காரருக்கு அந்தியூர்ப் பக்கம் மஞ்சள் விவசாயம். நாலு தோட்டம் தள்ளி நிற்கிறவரைச் சத்தம் போட்டே கூப்பிடுகிற மனுஷன். இந்த வருஷம் அந்தக் குரல் கம்மிக்கொண்டே வந்தது. தொண்டையில் கட்டி. கோவை டாக்டர் பார்த்துவிட்டு மும்பைக்கு எழுதிக் கொடுத்தார். "தள்ளிப் போடாதீங்க" என்று அழுத்திச் சொன்னார்.

மாமா இரண்டு முறை தள்ளிப் போட்டுவிட்டார். ஒரு முறை மழை. இன்னொரு முறை களை எடுக்க ஆள் வரவில்லையாம்! பயம் என்று ஒப்புக்கொள்ள மாட்டார். இந்த வியாழக்கிழமையையும் விட்டால் ஆஸ்பத்திரியில் மறுபடி எப்போது கூப்பிடுவார்களோ... அதுவரை அந்தக் கட்டி சும்மா இருக்குமா?

டிக்கெட் வேலை ஏன் என்னிடம் வந்தது? இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிக்கிற உங்களுக்குத் தெரியும் – மலிவு விமான டிக்கெட் தேடுவது எனக்கு ஒரு வியாதி. எங்கேயும் போகிற உத்தேசமே இல்லாத நாளிலும் டெல்லிக்கு என்ன விலை என்று பார்த்து வைப்பேன். சொந்தத்தில் யார் பறந்தாலும் என்னைக் கேட்டுத்தான் பறப்பார்கள்.

நம் ஊரில் இன்னொரு சங்கதியும் உண்டு. மும்பை போகிறேன் என்று சொல்லிப் பாருங்கள். "ஏனுங்க, என்ன விசேஷம்?" என்று கேட்பவர் குறைவு. "டிக்கெட் எவ்வளவுக்கு எடுத்தீங்க?" என்பதுதான் முதல் கேள்வி. நீங்கள் எந்தத் தொகையைச் சொன்னாலும் எதிராளி அதைவிடக் குறைத்து எடுத்திருப்பார். கேட்ட பிறகு அன்றைக்குத் தூக்கம் வராது.

சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு லேப்டாப்பைத் திறந்தேன். கோவையிலிருந்து புதன்கிழமைக்கு விலை எகிறிக் கிடந்தது. என் கணவர் எட்டிப் பார்த்தார். "கொச்சியில இருந்து பாரு, பாதி விலைதான்." பாதி விலைதான். ஆனால் மூச்சு வாங்குகிற மனுஷரை ராத்திரியோடு எழுப்பி, கேரள எல்லையில் வாளையார் லாரி வரிசைக்குள் கொண்டுபோய் நிறுத்துவதா? பெங்களூர் வழியாக ஒன்று இருந்தது. அதில் நடுவே அரை நாள் உட்கார வேண்டும். தள்ளினேன்.

மறுபடி கோவை. பக்கத்தைப் புதுப்பித்தால் விலை ஏறியிருக்கிறது. இன்னொரு தடவை புதுப்பித்தால் – 'இந்த விலையில் இன்னும் இரண்டு சீட்டுகளே!' இவர்கள் நிஜமாகச் சொல்கிறார்களா, பயமுறுத்துகிறார்களா? அக்கா பெயர், மாமா பெயர், கார்டு நம்பர் எல்லாம் போட்டாகிவிட்டது. ஓடிபி மட்டும் வரவில்லை. அது போவது என் கணவர் போனுக்கு. அவரோ போத்தனூர் வரைக்கும் போய்வருகிறேன் என்று அப்போதுதான் வண்டியை எடுத்திருந்தார்! கூப்பிட்டால் எடுக்கவில்லை. ஒருவழியாக அவர் எடுத்து எண்ணைச் சொல்ல, கடைசி நொடியில் அழுத்தினேன்.

கிடைத்துவிட்டது. புதன்கிழமை காலை, இரண்டு சீட்டு. ஆபரேஷன் முடிந்து எப்போது விடுவார்களோ தெரியாது என்பதால், போவதற்கு மட்டும் எடுத்தேன். புத்திசாலித்தனம் இல்லையா?

செவ்வாய் சாயங்காலம் இரண்டு பேரும் கோவை சிங்காநல்லூரில் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். டிக்கெட்டைப் பிரிண்ட் எடுத்து மாமா கையில் கொடுத்தேன். கண்ணாடி போட்டுப் பார்த்தார். திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். பின்பக்கம் வெள்ளைத்தாள்.

"இது போறதுக்கு. வாரதுக்கு டிக்கெட் எங்க, அம்மணி?"

"அதை அப்புறமா எடுத்துக்கலாமுங்க மாமா. டாக்டர் என்னைக்கு அனுப்புவாங்கன்னு தெரியாதில்லீங்க?"

மாமா தாளை மடித்து மேஜையில் வைத்தார். "அப்ப நான் போகல அம்மணி" என்றார், அந்தக் கரகரத்த குரலில்.

எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. எவ்வளவு பாடுபட்டு எடுத்த டிக்கெட்! தேதி தெரியாமல் எடுத்தால் பணம் வீண், திரும்பக் கிடைக்காது, மாற்றினால் அபராதம் – மூச்சு விடாமல் பொரிந்து தள்ளினேன். மாமா கேட்டுக்கொண்டே இருந்தார்.

"பக்கத்துச் சந்தைக்குப் போனாக்கூட 'போயிட்டு வாரேன்'னு சொல்லித்தான அம்மணி ஊட்டுல இருந்து எறங்கறோம்? என்னை மட்டும் எப்படி வெறும் 'போறேன்'ல ஏத்திவுடறே?"

அக்கா திடீரென்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். "ஏம்புள்ள இப்படிப் பண்ணிப்போட்டே? இத்தன பாடுபட்டுக் கூட்டியாந்தேனே..."

விடிந்தால் விமானம். அதற்கடுத்த நாள் ஆஸ்பத்திரி. மாமா சொன்னால் சொன்னதுதான். அந்த வெப்சைட்டில் 'ஒன் வே', 'ரவுண்ட் ட்ரிப்' என்று இரண்டு பட்டன் இருக்கிறது. இத்தனை வருஷமாக அதை நான் காசு சமாச்சாரமாக மட்டுமே பார்த்திருக்கிறேன்.

லேப்டாப்பை எடுத்துவந்து அவர் முன்னால் வைத்தேன். "தேதி சொல்லுங்க மாமா."

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மஞ்சள் வெட்டு எப்போது ஆரம்பிக்கும், அதற்கு முன்னால் என்னென்ன வேலை என்று வாய்க்குள்ளேயே கணக்குப் போட்டு ஒரு வெள்ளிக்கிழமையைச் சொன்னார். "போறப்ப எந்தச் சீட்டா இருந்தாலும் சரி. வாரப்ப ஜன்னல் போட்டுரு கண்ணு." நான் என் வாழ்நாளில் சீட்டுக்குத் தனிக்காசு கொடுத்தவள் இல்லை. கொடுத்தேன். எது மலிவு என்றுகூடப் பார்க்கவில்லை. பிரிண்ட் எடுத்த தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மறுநாள் பீளமேடு ஏர்போர்ட் வாசலில், துப்பாக்கியோடு நின்ற காவலர் ஆதாரைக் கேட்டுக்கொண்டிருக்க, "போயிட்டு வாரேன் அம்மணி" என்று திரும்பிப் பார்த்துச் சொன்னார்.

அந்தத் தொண்டையிலிருந்து நான் கடைசியாகக் கேட்டது அதுதான். ஆபரேஷன் நடந்தது. கட்டியை எடுத்துவிட்டார்கள். இப்போதைக்குப் பேச முடியாது, பிறகு பார்க்கலாம் என்றார்கள். அதற்குப் பின் காய்ச்சல் பிடித்துக்கொண்டது. ஒரு நாள் குறைகிறது, மறுநாள் ஏறுகிறது. அக்காவின் போன் வந்தால் முதல் மணியிலேயே எடுத்துவிடுகிறேன்.

போன வாரம் போனில் ஒரு மெசேஜ். 'உங்கள் பயணத்துக்கான செக்-இன் தொடங்கிவிட்டது. இனிய பயணத்துக்கு வாழ்த்துகள்!' மாமா சொன்ன வெள்ளிக்கிழமை வந்துவிட்டது. மாமாவோ ஐசியுவில்.

கேன்சல் செய்வதுதான் கணக்குக்குச் சரி. அந்தப் பட்டன் மேல் விரலைக் கொண்டுபோனேன்... முடியவில்லை. என் கையால் எப்படி அழுத்துவது? தேதியை மட்டும் மாற்றினேன். மாற்றுகிற கட்டணம் டிக்கெட் விலையைத் தாண்டியது. ஒருவரிடமும் சொல்லவில்லை, அக்காவிடம் மட்டும் சொன்னேன்.

"எந்தத் தேதிக்குப் போட்டிருக்கே?"

"அடுத்த மாசம் ஒரு புதன்கெழமைக்கா. சும்மா... ஒரு நம்பிக்கையில."

மறுநாள் அவளே கூப்பிட்டாள். காய்ச்சல் முழுசாக விடவில்லை, வார்டுக்கு மட்டும் மாற்றியிருக்கிறார்கள். "உன்ற மாமாகிட்டப் புதன்கெழமைன்னு சொன்னேன் புள்ள."

"என்ன சொன்னாருக்கா?"

"பேசவா முடியுது? துணிப்பையை அலமாரியில வெச்சிருந்தேன். அதை எடுத்துக் கட்டலுக்குப் பக்கத்துல வெக்கச் சொல்லிக் கையைக் காட்டுனாரு. வெச்ச பொறவுதான் கண்ணை மூடித் தூங்குனாரு."

விமானக் கம்பெனிக்காரர்களே, நீங்கள் எந்த விமானத்தை வேண்டுமானாலும் ரத்து செய்துகொள்ளுங்கள்... அந்தப் புதன்கிழமை விமானத்தை மட்டும் தொட்டுவிடாதீர்கள், உங்களுக்குப் புண்ணியமாகப் போகும்!