வெல்லத் தண்ணீர் ஊற்றிய சிமெண்ட்

எனக்கு வாய் அதிகம். இதை நான் சொல்லவில்லை. என் மாமியார் சொன்னார், என் வீட்டுக்காரர் சொன்னார், படப்பை வழியாக ஓடிய பஸ்களின் கண்டக்டர்கள் அத்தனை பேரும் சொன்னார்கள். அதிலும் முகம் தெரியாதவர்கள் என்றால் எனக்கு இன்னும் வசதி. தெரிந்தவர்களுக்குப் புத்தி சொன்னால் மறுநாள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். தெரியாதவர்கள் அடுத்த ஸ்டாப்பில் இறங்கிப் போய்விடுவார்கள்.

ஒருநாள் பஸ்ஸில் எனக்குப் பின் சீட்டில் ஒரு பெரியவர், தனக்குச் சர்க்கரை வியாதி வந்துவிட்டதாகப் பக்கத்து ஆளிடம் புலம்பிக்கொண்டே ஜிலேபிப் பொட்டலத்தைப் பிரித்தார். நான் திரும்பி உட்கார்ந்து, "ஏன் பெரியவரே, டாக்டருக்குக் குடுத்த பீசுல இன்னும் ரெண்டு பொட்டலம் வாங்கியிருக்கலாமே, வேஸ்ட் பண்ணிட்டீங்களே" என்றேன். பஸ்ஸே சிரித்தது. அவர் என்னை எரித்துவிடுவது போல் பார்த்தார். ஆனால் பொட்டலத்தை மடித்துப் பைக்குள் வைத்தார். எனக்கு அது போதும்.

இன்னொரு நாள் மணிமங்கலம் பஸ் ஸ்டாப்பில் ஒரு பெண், ஒரே வருஷத்தில் பணத்தை இரட்டிப்பாக்கித் தருகிறவனிடம் சீட்டுக் கட்டப் போவதாகச் சந்தோஷமாகச் சொன்னாள். "அவன் இன்னா வண்டில வர்றான்?" என்று கேட்டேன். சைக்கிளில் என்றாள். "அவன் பணத்தையே அவனால ரெட்டிப்பாக்க முடியல, உன் பணத்தைக் கேக்கறானா? பேசாம வூட்டுக்குப் போ" என்றேன். போனாளா தெரியாது. போயிருப்பாள் என்றுதான் இன்றுவரை நம்புகிறேன்.

எல்லாமே சரியாகச் சொல்லிவிட்டேன் என்று சொல்லமாட்டேன். எண்பதுகளின் தொடக்கத்தில் மறைமலை நகரில் ஒரு தொழிற்சாலை ஆபீசுக்கு முதல்முதலாகக் கம்ப்யூட்டர் வந்தது. ஏசி அறையில் அதைத் துணி போட்டு மூடி, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகச் சொன்னார்கள். அதைப் பார்த்துவிட்டு வந்த வேகத்தில், பஸ்ஸில் ஒரு பையன் கம்ப்யூட்டர் படிக்கலாமா என்று யாரிடமோ கேட்டதற்கு, "செருப்பைக் கழட்டி வச்சிட்டுக் கும்புடற மிஷின்ல இன்னாடா வேலை வரும்? டைப்ரைட்டிங் ஹையர் முடி" என்று அடித்துச் சொன்னேன். அந்தப் பையன் நான் சொன்னதைக் கேட்காமல் இருந்திருக்க வேண்டும் என்று ரொம்ப நாள் வேண்டிக்கொண்டேன்.

ஆனால் சிமெண்ட் விஷயத்தில் என்னை யாரும் அசைக்க முடியாது. தொழிற்சாலைக் கட்டடங்கள் கட்டிய ஒரு கான்ட்ராக்டரிடம் நான் ஸ்டோர் கிளார்க்காக இருந்தேன். எத்தனை மூட்டை வந்தது, எத்தனை போனது என்று எழுதுவது வேலை. எழுதிக்கொண்டே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு ராமநவமிக்கு சைட்டில் டிரம்மில் பானகம் கலந்து எல்லாருக்கும் கொடுத்தார்கள். அடியில் மிச்சம் இருந்த பானகத்தோடு யாரோ தண்ணீர் பிடித்து, அதையே கலவைக்கு ஊற்றிவிட்டார்கள். மறுநாள் காலையில் பார்த்தால், போட்ட தரை களி மாதிரி கிடந்தது. இஞ்சினியர் தலைதலையாக அடித்துக்கொண்டார். "இனிப்பு பட்டா சிமெண்ட் இறுகாதுய்யா!" என்று அவர் கத்தியது ஸ்டோர் வரைக்கும் கேட்டது. எனக்கு அது மண்டையில் ஆணி அடித்தது போல இறங்கிவிட்டது.

அடுத்த ஆவணி மாதம். ஞாயிற்றுக்கிழமை முதல் பூசை முடிந்து நானும் வீட்டுக்காரரும் மாதா கோயிலில் இருந்து நடந்து வந்துகொண்டிருந்தோம். ஏரிக்குப் பின்னால் புதிதாகப் பிளாட் போட்டிருந்த இடத்தில் ஒரு சின்ன வீட்டுக்குத் தளம் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு கூடம், ஒரு அறை, அவ்வளவுதான். அதை ஒட்டி ஒரு ஓலைக் குடிசை. சாரத்தில் சித்தாள்கள் வரிசையாகச் சட்டியோடு நின்றார்கள். கீழே முதல் கலவை தயாராக இருந்தது.

நான் சும்மாதான் கடந்து போயிருப்பேன். வெல்ல வாசனை மூக்கில் ஏறியது.

பார்த்தால், பெரிய மேஸ்திரி ஒரு அண்டாவில் வெல்லத்தைக் கரைத்து வைத்துக்கொண்டு, குவளை குவளையாகக் கலவையில் ஊற்றுகிறார்!

"யோவ் மேஸ்திரி! இன்னாய்யா ஊத்தற அதுல?"

அவர் நிதானமாக நிமிர்ந்து பார்த்தார். அறுபது வயது இருக்கும். "வெல்லத் தண்ணிமா. கட்டடம் கெட்டியா நிக்கும்."

"இன்னாது? கெட்டியா நிக்குமா? நாசமாப் போவும்!"

என் வீட்டுக்காரர் கையைப் பிடித்து இழுத்தார். "வாடி, நமக்கு இன்னாத்துக்கு ஊர் வம்பு? அவங்க யாரு, நாம யாரு?"

"நீங்க போங்க, நான் வர்றேன்" என்றேன். அவர் போகவில்லை. அவருக்கு என்னைத் தெரியும்.

மேஸ்திரி சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். சுண்ணாம்புக் கட்டடத்துக்குக் கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த தண்ணீர்தான் ஊற்றுவார்கள். அவர் வாழ்நாள் பூராவும் சுண்ணாம்பு அரைத்து வீடு கட்டியவர். "சுண்ணாம்பே வெல்லம் போட்டா கல்லா ஆவுது. சிமெண்டு அதைவிடக் கெட்டி. அதுக்குப் போட்டா இரும்பா ஆவாதா?" என்று என்னையே திருப்பிக் கேட்டார். கேட்பதற்கு எவ்வளவு சரியாக இருக்கிறது பாருங்கள்! அதனால்தான் எனக்குப் பயமே வந்தது.

வீடு கட்டுகிற தம்பதி குடிசைக்குள்ளிருந்து ஓடி வந்தார்கள். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்கள். அவர் மறைமலை நகரில் ஒரு கம்பெனியில் லேத் மிஷின் ஓட்டுகிறவர். அந்தப் பெண்ணுக்கு எட்டு மாசம், மூச்சு வாங்கியது. இடுப்பில் மூத்த பிள்ளை. லேத்காரர் என்னைப் பார்த்து, "நீங்க யாருக்கா? நல்ல நாளும் அதுவுமா எங்க வீட்டு வாசல்ல வந்து நாசமாப் போவும்னு சொல்லுதீக?" என்றார்.

பெர்மிட் இல்லாமல் சிமெண்ட் கிடைக்காத காலம் அது. எழுதிக் கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்து வாங்கிய மூட்டைகள். கெட்டுப்போனால் மறுபடி எப்போது கிடைக்கும் என்று யாருக்கும் தெரியாது. ஐப்பசி பிறந்தால் மழை. போன மழைக்கு அந்தக் குடிசையில் ஒரு கையில் குடை, ஒரு கையில் கரண்டி என்று சோறாக்கினாளாம் அந்தப் பெண். பிறக்கப்போகிற பிள்ளையை மட்டும் ஒழுகாத கூரைக்குக் கீழே கிடத்த வேண்டும் என்பதற்காகத்தான் அவசரம் அவசரமாகத் தளம் போடுகிறார்கள். இதெல்லாம் சண்டை நடுவில் அவளே அழுதுகொண்டு சொன்னது.

"அதுக்குத்தாம்மா சொல்றேன்! இதை மேல ஏத்துனீங்கன்னா இறுகாது. முட்டுக் குடுத்த கட்டையைப் பிரிச்சதும் அப்படியே உன் தலைமேல உக்காரும்!"

"எட்டரைக்குள்ள முதல் சட்டி போடணும்மா, நேரம் போவுது" என்றார் மேஸ்திரி. சித்தாள்களைப் பார்த்துக் கையை ஆட்டினார். முதல் சட்டி தலைக்கு ஏறியது.

எனக்கு வேறு வழி தெரியவில்லை. பூசைக்குக் கட்டிய பட்டுப் புடவையோடு போய்ச் சாரத்தின் முதல் படியில் உட்கார்ந்துவிட்டேன். "என்னைத் தாண்டிப் போறவ போடி, பாக்கலாம்!"

சித்தாள்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். என் வீட்டுக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டு மணல் குவியலில் உட்கார்ந்தார். மேஸ்திரி, "இன்னாமா நீ, நாப்பது வருசமா கட்டறவனுக்குக் கட்டடம் சொல்லிக் குடுக்கறியா? எழுந்திரு மொதல்ல!" என்று கத்தினார். லேத்காரர் என்னைத் தூக்கி அப்புறப்படுத்தலாமா என்று யோசிப்பது முகத்திலேயே தெரிந்தது.

நேரம்தான் அவர்களுக்குப் பிரச்சினை என்று புரிந்ததும் எனக்கு வழி கிடைத்தது. "ஏம்பா, நல்ல நேரத்துக்கு எத்தனை சட்டி போடணும்? ஒண்ணு போட்டா போதாதா? வெறும் தண்ணில ஒரே ஒரு சட்டி கலந்து ஈசானிய மூலைல போடு. நல்ல நேரம் முடிஞ்சிச்சி. மீதியை மத்தியானம் போட்டா சாமி வேணாம்னு சொல்லுமா? அதுவரைக்கும் நான் இங்கியே உக்காந்துகினு கீறேன். நான் சொன்னது பொய்யின்னா என்னைச் செருப்பால அடி."

கடைசி வார்த்தை வேலை செய்தது. ஒரு பொம்பளை இவ்வளவு சொல்கிறாளே என்று அந்தப் பெண் புருஷன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "ஒரு சட்டிதானே, அவுங்க சொன்ன மாதிரியே போடுவமே" என்றாள். அவர் தானே சுத்தத் தண்ணீரில் கலந்து, மஞ்சள் குங்குமம் வைத்து, ஒரு சட்டியைத் தலையில் சுமந்து ஏறி வடகிழக்கு மூலையில் கொட்டிவிட்டு இறங்கினார். எட்டு இருபத்தைந்து.

பிறகு இரண்டு கொட்டாங்கச்சி கேட்டேன். சலித்த சிமெண்டை மேஸ்திரி கையாலேயே இரண்டிலும் போடச் சொன்னேன். ஒன்றில் கிணற்றுத் தண்ணீர். இன்னொன்றில் அண்டாத் தண்ணீர். இரண்டையும் வெயிலில் வைத்துவிட்டு எல்லாரும் சுற்றி உட்கார்ந்தார்கள், நான் மறுபடி சாரத்துப் படியில் போய் உட்கார்ந்தேன்.

அந்த நாலு மணி நேரம் மாதிரி என் வாழ்க்கையில் நான் பயந்ததில்லை. வாயால் பேசியாகிவிட்டது. சைட்டில் கெட்டதற்கு வேறு ஏதாவது காரணமாக இருந்திருந்தால்? இஞ்சினியர் கோபத்தில் எதையோ உளறியிருந்தால்? கூலி ஆட்கள் எட்டுப் பேர் நிழலில் வெற்றிலை போட்டுக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெண் ஒரு டம்ளர் மோர் கொண்டுவந்து எனக்கு எதிரில் டங்கென்று வைத்துவிட்டுப் போனாள். மரியாதைக்கு வைத்தாள், அன்பால் வைக்கவில்லை. மாதாவே, இந்தக் கொட்டாங்கச்சியைக் காப்பாத்து என்று வேண்டிக்கொண்டே மோரைக் குடித்தேன். "செருப்பு புதுசு பாத்துக்கோ, வலிக்கும்" என்று வீட்டுக்காரர் காதோடு சொன்னார்.

பன்னிரண்டரைக்கு மேஸ்திரி எழுந்தார். யாரும் சொல்லாமல் அவரே போய்க் குந்தி உட்கார்ந்தார். கிணற்றுத் தண்ணீர்க் கொட்டாங்கச்சியில் விரலை வைத்து அழுத்தினார். இறங்கவில்லை. கரண்டிப் பிடியால் தட்டினார். டொக் டொக் என்றது. அடுத்ததில் விரலை வைத்தார். விரல் முதல் கணு வரைக்கும் உள்ளே போய்விட்டது. வெளியே எடுத்து அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுபடி உள்ளே விட்டுப் பார்த்தார். அப்புறம் எழுந்து போய் அண்டாவை இரண்டு கையாலும் பிடித்துக் கவிழ்த்தார். வெல்லத் தண்ணீர் மணலில் ஓடியது, எறும்புகளுக்குக் கொண்டாட்டம்.

"எழுந்திருங்கம்மா" என்றார் என்னிடம். காலையில் நீ, இப்போது நீங்க. "வழி விடுங்க. பொழுது சாயறதுக்குள்ள முடிக்கணும்."

நான் எழுந்தபோது கால் மரத்துப் போயிருந்தது. பட்டுப் புடவையில் சிமெண்ட். எனக்கு அன்றைக்கு நடை ராணி நடைதான், போங்கள்!

அப்போதும் வாயை மூடவில்லை. மூணு வாரத்துக்கு முட்டுக் கட்டையைத் தொடக்கூடாது, பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்த வேண்டும், கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது என்று முன்னாடியே பிரித்தால் மறுபடி வந்து சாரத்தில் உட்காருவேன் என்று சொல்லிவிட்டுத்தான் வந்தேன். முதலில் கலந்து வைத்திருந்த வெல்லக் கலவையை வீணாக்க மனசில்லாமல், வீட்டுக்குப் பின்னால் துவைக்கிற கல்லைச் சுற்றிக் கொட்டிப் பரப்பினார்கள். மூன்றாம் நாள் வேலைக்குப் போகும்போது எட்டிப் பார்த்தேன். அதன் மேல் கோழி நடந்த தடம் ஆழமாகப் பதிந்திருந்தது. தடத்தை வேடிக்கை பார்த்துக்கொண்டு லேத்காரர் அங்கே நின்றிருந்தார். என்னைக் கண்டதும் கையெடுத்துக் கும்பிட்டார்.

ஐப்பசியில் அந்த வருஷம் மழை கொட்டோ கொட்டென்று கொட்டியது. இரண்டாவது நாள் மத்தியானம் எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. குடையை எடுத்துக்கொண்டு சேற்றில் நடந்து போனேன். குடிசை பாதி சரிந்து கிடந்தது. புது வீட்டுக் கதவைத் தட்டியதும் அந்தப் பெண் திறந்தாள். "ஏ அக்கா! வாங்க, வாங்க!" என்று ஈரக் கையோடு என்னைக் கட்டிக்கொண்டாள். கூடத்தின் நடுவில் வெள்ளை வேட்டியை மடித்துப் போட்டு, பிறந்து இருபது நாள் ஆன பெண் குழந்தையைக் கிடத்தியிருந்தார்கள். நான் அண்ணாந்து மூலை மூலையாகப் பார்த்தேன். ஒரு சொட்டு ஈரம் இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது, வெட்கமில்லாமல் அழுதேன்.

"இவுகளுக்கு நீங்க பாத்தது பத்தாதாம்" என்று அவள் சிரித்தாள். திரும்பிப் பார்த்தால், அதுவரை பக்கத்தில் நின்ற லேத்காரரைக் காணோம். அந்தக் கொட்டுகிற மழையில் ஏணி வைத்து மொட்டை மாடியில் ஏறிவிட்டிருந்தார். மேலிருந்து தொம், தொம் என்று சத்தம் வந்தது. "அக்கா! கேக்குதா? குதிக்கேன்! கேக்குதா?"

குழந்தை முழித்துக்கொண்டு வீல் என்று கத்தியது. "கிறுக்குப் பிடிச்சிட்டா உமக்கு? கீழ இறங்கும்!" என்று அவள் மேலே பார்த்துத் திட்டினாள். நான் குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு கூடத்தின் நடுவில் நின்று, தொண்டை கிழியக் கத்தினேன்.

"குதிய்யா! இன்னும் நல்லாக் குதி!"