சுவிட்ச் இல்லாத சுவர்

இந்த ஜெர்மன் ஊரில் சுவர் பிளக்குக்கு சுவிட்ச் கிடையாது. செருகினால் மின்சாரம், பிடுங்கினால் இல்லை. வந்து இத்தனை வருடமாகியும், சார்ஜரைச் செருகியதும் என் கட்டைவிரல் வெறும் சுவரைத் தடவுகிறது. அப்பாவிடமிருந்து வந்த விரல். செங்கல்பட்டு–மாமல்லபுரம் பஸ் ஓட்டியபோது ஸ்டாண்டில் ஒரு நிமிடம் நின்றாலும் இஞ்சினை அணைப்பவர். இப்போது பால் வாங்கப் போனால்கூட வீட்டு சுவிட்சையெல்லாம் அணைத்துவிட்டுத்தான் செருப்பு மாட்டுகிறார்.

அப்படிப்பட்டவர் தனியாக இருக்கும் வீட்டுக்கு, நிற்காமல் ஓடும் யூனிக்ஸ் ஒர்க்ஸ்டேஷன் கணினி ஒன்றை வாங்கப் புறப்பட்டேன் நான். புதியதன் விலையைப் பார்த்து மூச்சடைத்து, அலுவலகங்கள் கழித்துப்போட்டதை விற்கும் கடைக்குப் போனேன். அதை இயக்கும் மென்பொருள் ஃப்ரீபிஎஸ்டியா, டெபியன் லினக்ஸா என்று மனைவியின் உயிரை வாங்கி, கடைசியில் டெபியன் என்று முடிவானது. இலவசம், மாதக்கணக்கில் ஓடும், கேள்வி கேட்டுத் தொந்தரவு செய்யாது.

“யார் பயன்படுத்தப் போகிறார்கள்?” என்றார் கடைக்காரர்.

“அப்பா.”

“புரோகிராமரா?”

“பஸ் டிரைவர். ரிட்டயர்டு.”

அவர் என்னை டேப்லெட் அலமாரிக்கு அழைத்துப் போனார். அது வேண்டாம், இங்கிருந்தே நான் அந்தக் கணினிக்குள் நுழைந்து பார்க்க வேண்டும் என்று விளக்கினேன்.

“உங்கள் அப்பாவிடம் போன் இல்லையா?”

இவருக்கு லினக்ஸ் தெரியாது என்று முடிவுகட்டினேன்.

சின்னப் பெட்டிதான். லீவில் துணிகளுக்கு நடுவே வைத்துச் செங்கல்பட்டுக்குக் கொண்டுபோய் அப்பாவின் டிவியோடு இணைத்தேன். பழைய பாட்டு கேட்க என்றேன். “இத மட்டும் ஆஃப் பண்ணாதப்பா” என்றும் சொன்னேன். அதன்பின் தினமும் காலையில், காபியும் கையுமாக, இங்கிருந்து அதைக் கூப்பிட்டுப் பார்ப்பேன். பதில் வரும். நேற்று அவர் கேட்ட பாட்டும் தெரியும். சரி, அப்பா நலம். போனில் பேசினால் “எப்ப வர்ற?” என்பார். டெபியன் அதைக் கேட்காது.

போன வாரம் ஒருநாள் பதில் இல்லை. என் வீட்டு ரவுட்டரைப் பழித்தேன். கடலுக்கடியில் இன்டர்நெட் கேபிளைச் சுறா கடித்திருக்குமோ என்று செய்தி தேடினேன். கட்டளைகளாகத் தட்டித் தள்ளினேன். அப்பாவுக்குப் போன் செய்யலாம் என்பது கடைசியில்தான் தோன்றியது. அவர் எடுக்கவில்லை. பக்கத்து வீட்டு நண்பன் ஏழுமலையைப் போனில் பிடித்தேன்.

“மச்சான், அப்பாவுக்கு என்னாச்சுன்னு பாருடா!”

“இன்னாத்துக்கு அலறுற? நைனா என்னாண்டதான் குந்தினு டீ சாப்ட்டுகினு கீறாரு. இந்தா, பேசு.”

“அப்பா, கம்ப்யூட்டர் ஆஃப் ஆயிட்டுதே!”

“நான்தான் ஆஃப் பண்ணேன்.”

“ஏம்பா?”

“அன்னிக்கு கரண்ட் போயி இந்தப் பொட்டி நின்னுச்சே, ஒடனே போன் பண்ணியே நீ. அதான் இன்னிக்கு நானே அமுக்கிட்டு, போனாண்ட ரொம்ப நேரம் ஒக்காந்து பாத்தேன். நீ பண்ல. சரின்னு போனை வூட்லயே வெச்சிட்டு டீ சாப்ட வந்துட்டேன்.”

அவர் போனருகே உட்கார்ந்திருந்த நேரம் முழுக்க நான் சுறாவைத் தேடிக்கொண்டிருந்தேன்.

“செரி, எப்ப வர்ற?”

இப்போது தினமும் பேசுகிறேன் என்று எழுத ஆசைதான். எழுதினால் அப்பாவே சிரிப்பார். சில காலைகளில் அந்தக் கணினி திடீரென்று பதில் சொல்லாமல் போகும். ஏன் என்று இப்போது தெரியும். ஆனாலும் என் ஒரு கை போனை எடுக்கும்போது, இன்னொரு கையின் கட்டைவிரல் இந்த வெறும் சுவரைத் தடவுகிறது, செங்கல்பட்டில் அவர் விரலுக்கடியில் இருக்கும் அந்த சுவிட்சைத் தேடி.