மூடியில் பதினாறு ஓட்டைகள்

எண்பதுகளில் ரெட்டிபாளையத்தில் சிமென்ட் ஆலை ஒன்றில் எலக்ட்ரீசியனாக இருந்தேன். அக்கா வீடும் அங்கேதான். துபாயில் வேலை பார்த்த அவள் கணவர் பிள்ளைகளுக்கு வீடியோ கேம் பெட்டி ஒன்று கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அரை மணி நேரம் ஆடினால் அது கொதித்து நின்றுவிடும்.

"கை வைக்காதடா. மாமா வந்து திருச்சியில காட்டிக்கிடட்டும்" என்றாள் அக்கா.

"எம்மாம் பெரிய மோட்டாரெல்லாம் பிரிக்கிறவன் நான். இந்த சோப்பு டப்பா என்னக்கா?"

கம்பியைக் காய்ச்சி மூடியில் பதினாறு ஓட்டைகள் போட்டேன். சூடு தணிந்தது. எங்கள் ஊரில் தண்ணீர்க் குடத்தைக்கூடத் துணி கட்டித்தான் வைப்பார்கள். சிமென்ட் தூசி அப்படி. ஆலையில் தினமும் தூசி துடைக்கிற எனக்கு அது தோன்றவில்லை. மழைக்காலத்தில் உள்ளே தூசி ஈரத்தில் இறுகி, பெட்டி செத்தது.

விடுப்பில் வந்த மாமா மூடியைத் திருப்பிப் பார்த்தார். "யாரு பாத்த வேலை இது?"

"நான்தாங்க. சூடாவுதேன்னு கம்பியால குத்திட்டேன்" என்றாள் அக்கா, நான் வாய் திறப்பதற்குள்.

"உங்க வூட்ல இதெல்லாம் கண்டிருந்தாத்தானே!" என்று தொடங்கியவர் நெடுநேரம் நிறுத்தவில்லை. கடைசியில் என் பக்கம் திரும்பினார். "மாப்ள, நீயாவது சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொன்னேன் மாமா" என்றேன்.

அக்கா என்னைப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். அவள் எனக்காகப் பொய் சொன்னாள். நானும் எனக்காகத்தான் சொன்னேன்.