சுருக்குப்பையில் இரண்டு மாத்திரை

ஏலத்தோட்டத்தில் காய் எடுப்பது குத்தவைத்தே செய்கிற வேலை. போன மழைக்காலத்தில் ஒருநாள் அப்படி உட்கார்ந்தவளால் எழுந்திருக்க முடியவில்லை. இடுப்புச் சதை இறுகிப் பிடித்துக்கொண்டது. இரண்டு பேர் என்னை உட்கார்ந்த வாக்கிலேயே தூக்கிப் போய் ஜீப்பில் வைத்தார்கள். படுக்க வைக்கலாமே என்றாள் ஒருத்தி. நான் திட்டிய திட்டில் பிறகு அந்தப் பேச்சே எழவில்லை.

குமுளியில் டாக்டர் சதை இறுக்கம் தளர ஐந்து மாத்திரை எழுதினார்.

"ராத்திரி மட்டும் ஒண்ணு. நல்லா உறக்கம் வரும். இதத் தின்னுட்டு வண்டி ஓட்டக்கூடாது, குடிக்கக்கூடாது. வலி போனா நிறுத்திக்கலாம். வேற ஆருக்கும் கொடுக்கக்கூடாது."

தலையாட்டினேன். எனக்குச் சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது. சாராயத்தில் என் பங்கையும் வீட்டுக்காரரே குடித்துவிடுகிறார். ஆகவே, சொன்னதில் பாதி எனக்கில்லை என்று வைத்துக்கொண்டேன்.

மூன்று மாத்திரையில் வலி போயிற்று. மிச்சம் இரண்டும் சுருக்குப்பையில் கிடந்தன.

குமுளியிலிருந்து உடும்பஞ்சோலைப் பக்கம் வேலைக்குப் போகும் எங்கள் ஜீப்பில் பதினான்கு பெண்கள். தலைவலிக்கு, வாயுவுக்கு, மூட்டுக்கு என்று ஒவ்வொருத்தி பையிலும் ஒரு அட்டை இருக்கும். ஒருத்திக்குக் கேட்ட மருந்து எல்லோருக்கும் கேட்கும் என்பது ஜீப்பின் சட்டம். வெற்றிலை இல்லை என்று சொல்லலாம். மாத்திரை இல்லை என்றால் கஞ்சப்பிசினாரி என்று பெயர் வைத்துவிடுவார்கள்.

வேலைக்குத் திரும்பிய அன்று டிரைவர் தம்பி தலையைத் திருப்பாமல் உடம்பையே திருப்பினான்.

"கழுத்து பிடிச்சுக்கிருச்சுக்கா."

"இந்தாப்பா, கை மேல பலன்" என்று ஒன்றை நீட்டினேன். பால் விடாத கட்டன் சாயாவோடு விழுங்கினான். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

ஒரு மணி நேரம் கழித்துக் கொட்டாவி விட்டான். பிறகு இன்னொன்று. மூன்றாவது கொட்டாவியில் ஜீப் பள்ளத்துப் பக்கப் புல்லைத் தொட்டுவிட்டு ரோட்டுக்கு வந்தது. அப்போதுதான் டாக்டர் சொன்னது ஞாபகம் வந்தது. முன் சீட்டில் அவன் பக்கத்தில் என் மகள். ஐந்து மாதம் முழுகாமல் இருந்தாள், குலுங்கக்கூடாதென்று நான்தான் அங்கே உட்கார வைத்திருந்தேன்.

சொன்னால் மானம் போகுமே என்று யோசித்ததில் இரண்டு வளைவு கடந்துவிட்டது. அந்த இரண்டு வளைவை நினைத்தால் இன்றும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

"தம்பி, வண்டிய நிறுத்து!"

"ஏங்க்கா, வாந்தியா?"

"நிறுத்துடாங்கறேன்! நான் குடுத்த மாத்திரை தூங்க வச்சிரும். அதத் தின்னுட்டு வண்டி ஓட்டக்கூடாதுன்னு டாக்டர் சொன்னாரு."

ஓரமாக நிறுத்தினான். "அடிப்பாவி" என்றாள் ஒருத்தி. நியாயமான பேச்சு. சாவியைப் பிடுங்கி மடியில் செருகிக்கொண்டேன். அவன் ஸ்டியரிங்மேல் தலையைச் சாய்த்து, நாங்கள் இறங்கி முடிக்குமுன் குறட்டை விட்டான்.

மிச்ச தூரம் நடந்தோம். மகள் என் பக்கம் திரும்பவே இல்லை, ஒரு கையை வயிற்றில் வைத்தபடி முன்னால் போனாள். ஏன் தாமதம் என்று சூப்பர்வைசர் கேட்டபோது பதின்மூன்று விரல்கள் என்னைக் காட்டின.

சாயங்காலம் வேறொரு டிரைவர் என்னிடம் சாவியை வாங்கிப் போய் வண்டி எடுத்து வந்தார். எங்கள் தம்பி பின்னால் எங்களோடு உட்கார்ந்து வந்தான். கழுத்தை இடமும் வலமும் திருப்பிக் காட்டினான்.

"அக்கா, அருமையான மாத்திரைக்கா. இன்னொண்ணு இருக்கா?"

முன் சீட்டிலிருந்து என் மகள் அன்று முதல்முறையாக என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஜீப்பே என்னைப் பார்த்தது. சுருக்குப்பை இடுப்பில் உறுத்தியது.

"இல்ல" என்றேன்.